ஏலத்துக்கு முன் இருக்கும் நாட்கள்

தருமபுரி மாவட்டம் அரூர் வேளாண் கூட்டுறவு விற்பனைச் சங்கத்தில் மஞ்சள் ஏலமும் பருத்தி ஏலமும் நடப்பதைச் சுற்றுவட்டாரத்தில் அறியாதவர் இல்லை. விலை கட்டுபடியாகவில்லை என்றால் விவசாயி மூட்டையைத் திரும்ப வண்டியில் ஏற்றிக்கொண்டு போய்விடலாம். அதே விவசாயியின் வீடு கடன் பாக்கிக்காக ஏலத்துக்கு வரும்போது அப்படித் திருப்பி எடுத்துக்கொண்டு போக முடியாது. ஏல அறிவிப்பு நாளிதழில் வெளியான பிறகு, பாக்கி முழுவதையும் கையில் கொண்டுபோய் நின்றாலும் வீட்டை மீட்பது அவருடைய உரிமை ஆகாது. நீதிமன்றம் போகாமலே அடமானச் சொத்தைக் கைப்பற்றி விற்கக் கடன் கொடுத்தவருக்கு அதிகாரம் தரும் சர்பாசி சட்டத்தின் 13(8) பிரிவில் 2016-ல் செய்யப்பட்ட திருத்தத்தின் விளைவு இது. 2023-ல் பாஃப்னா மோட்டார்ஸ் வழக்கிலும், 2025 செப்டம்பரில் கேபிகே ஆயில்ஸ் வழக்கிலும் உச்ச நீதிமன்றம் இதை உறுதிசெய்துவிட்டது.

வீட்டுக்கடன் வாங்கியவருக்குச் சட்டத்தில் உரிமையே இல்லை என்று சொல்ல முடியாது, நிறையவே உண்டு. ஆனால், ஒவ்வொன்றுக்கும் ஒரு கெடு இருக்கிறது. பெரும்பாலான கெடுக்கள் ஏலத்துக்கு வெகு முன்பே முடிந்துவிடுகின்றன. அந்த நாட்களை அரூர்க்காரர் தவறான வாசல்களில் நின்று கழிக்கிறார். அவருடைய அலட்சியம் ஒரு காரணம்தான். சரியான வாசலை எட்டாத தூரத்தில், புரியாத மொழியில் வைத்திருக்கும் ஏற்பாடு அதைவிடப் பெரிய காரணம்.

கடன் எப்படிச் சிக்கலாகிறது என்பதிலிருந்து தொடங்கலாம். அரூர் வட்டாரத்தின் வருமானம் மாதக் கணக்கில் வருவதில்லை. கரும்பு வெட்டி கோபாலபுரம் ஆலைக்கு அனுப்பினால்தான் பணம். மரவள்ளியும் மஞ்சளும் பல மாதப் பயிர்கள். பிள்ளைகள் திருப்பூரிலோ ஓசூரிலோ பெங்களூருவிலோ இருந்து அனுப்பும் பணத்துக்கும் நிச்சயம் கிடையாது. தவணை மட்டும் மாதம் தவறாமல் குறித்த தேதியில் கழியும். 15 லட்ச ரூபாயை 9 சதவீத வட்டியில், 20 ஆண்டுக்கு வாங்கினால் மாதத் தவணை ஏறக்குறைய 13,500 ரூபாய். முதல் மாதத் தவணையில் 11,250 ரூபாய் வட்டிக்கே போய்விடும். ஐந்தாண்டுகள் ஒரு தவணைகூடத் தவறாமல் 8 லட்சத்துக்கு மேல் கட்டிய பிறகும் அசலில் 13 லட்சத்து 30 ஆயிரம் அப்படியே நிற்கும். வீட்டு வசதி நிதி நிறுவனத்தில் 13, 14 சதவீதத்துக்கு வாங்கியவரின் கணக்கு இதைவிட மோசம். ‘இவ்வளவு கட்டியும் கடன் குறையவே இல்லையே’ என்று வீட்டில் எழும் சந்தேகத்துக்கு மோசடி காரணமாக இருக்க வேண்டியதில்லை. வட்டிக் கணக்கின் அமைப்பே அப்படி.

தவணை 90 நாட்களுக்கு மேல் நிலுவையில் நின்றால் கணக்கு வாராக்கடன் ஆகிறது. பலர் ஏமாறும் இடம் இது. மூன்று டியூ பாக்கி இருக்கும்போது எப்படியோ புரட்டி ஒரு டியூவைக் கட்டிவிட்டு, ஆபத்து தாண்டியது என்று நினைத்துவிடுகிறார்கள். வாராக்கடனாகிவிட்ட கணக்கை, நிலுவை முழுவதும் தீர்ந்தால்தான் சீரானதாக மாற்ற வேண்டும் என்று ரிசர்வ் வங்கி 2021 நவம்பரில் தெளிவுபடுத்திவிட்டது. அந்த ஒரு டியூவுக்காகக் கந்துவட்டிக்காரரிடம் போவது வீட்டைக் காப்பாற்றுவதில்லை, இரண்டாவது கடன்காரரைத்தான் உருவாக்குகிறது. கந்துவட்டியைத் தடுக்க 2003-லேயே தமிழ்நாட்டில் சட்டம் வந்துவிட்டது. வட்டிக்கு விடுபவர்கள் மட்டும் குறைந்தபாடில்லை.

அடுத்து வருவது 13(2) நோட்டீஸ். பாக்கி முழுவதையும் 60 நாட்களுக்குள் கட்டச் சொல்லும் பதிவுத் தபால். பெரும்பாலும் ஆங்கிலத்தில், சில பக்கங்களுக்கு நீளும். தொகையைப் பார்த்த அதிர்ச்சியிலேயே பலர் அதை மடித்துப் பீரோவில் வைத்துவிடுகிறார்கள். தபால்காரரிடம் வாங்க மறுத்தால் செல்லாது என்று நம்புபவர்களும் உண்டு. அதனால் ஒரு பயனும் இல்லை. கதவில் ஒட்டியும் நாளிதழில் விளம்பரம் செய்தும் அதைச் சேர்ப்பிக்க விதிகளில் வழியிருக்கிறது.

என் பார்வையில் மொத்த நடைமுறையிலும் மதிப்பு மிக்க நாட்கள் இந்த 60தான். நோட்டீசுக்கு எழுத்தில் ஆட்சேபம் தெரிவிக்க 13(3ஏ) பிரிவு உரிமை தருகிறது. ஆட்சேபம் வந்தால் 15 நாட்களுக்குள் வங்கி காரணத்தோடு பதில் சொல்லியாக வேண்டும். கட்டிய தொகை வரவு வைக்கப்படவில்லையா? கடனோடு எடுத்த காப்பீட்டில் இறப்புத் தொகை கேட்காமலே விடப்பட்டிருக்கிறதா? அபராதத்தை வட்டியோடு சேர்த்து வட்டிக்கு வட்டி போட்டிருக்கிறார்களா? அபராதம் தனிக் கட்டணமாக இருக்க வேண்டும், அசலில் சேர்க்கக் கூடாது என்று 2023 ஆகஸ்டில் ரிசர்வ் வங்கி சொன்னது 2024 ஏப்ரல் முதல் நடப்பில் இருக்கிறது. கடன் கணக்கின் முழு ஸ்டேட்மென்ட்டை வாங்கி, இவற்றையெல்லாம் தமிழிலேயே எழுதி, பதிவுத் தபாலில் அனுப்பி, ரசீதைப் பத்திரப்படுத்துங்கள். பின்னால் கடன் வசூல் தீர்ப்பாயத்துக்குப் போக நேர்ந்தால் அந்த ஒரு தாள்தான் துணை. நிலுவை மொத்தம், அசலும் வட்டியும் சேர்ந்த தொகையில் 20 சதவீதத்துக்குக் கீழே இருந்தால் இந்தச் சட்டமே பொருந்தாது என்பதும் பலருக்குத் தெரியாத விஷயம்.

இந்த நாட்களில் இன்னொரு வழியும் திறந்திருக்கிறது. சொல்லக் கசப்பானது, ஆனாலும் பல குடும்பங்களுக்கு நன்மை தரக்கூடியது: வீட்டைத் தாமே விற்பது. நோட்டீசுக்குப் பிறகு வங்கியின் எழுத்துபூர்வ ஒப்புதல் இல்லாமல் விற்கக் கூடாது. ஒப்புதலோடு விற்கலாம். வாங்குபவர் பணத்தை நேரே வங்கியில் கட்டுவார், அடமானம் ரத்தாகும், கிரயம் முடியும். ஏலத்தில் போவதைவிட வெளியில் நல்ல விலை கிடைக்கும், மிச்சமும் கைக்கு வரும். ஒரே தவணையில் தீர்க்கும் ஓடிஎஸ் உடன்பாட்டையும் கேட்கலாம். அது வங்கி விரும்பினால் தருவது, உரிமையாகக் கேட்க முடியாது என்று உச்ச நீதிமன்றம் 2021 டிசம்பரில் சொல்லியிருக்கிறது. கேட்பதில் நட்டம் ஒன்றும் இல்லை.

60 நாட்கள் முடிந்தால் சுவாதீன அறிவிப்பு. வீட்டுச் சுவரில் ஒட்டுவார்கள். இரண்டு நாளிதழ்களில், அதில் ஒன்று தமிழில், விளம்பரம் வரும். குடும்பம் உள்ளேயே இருக்கும். பூட்டு போடவில்லையே, அடுப்பு எரிகிறதே என்று எல்லோரும் ஆறுதல் அடைவார்கள். இது அடையாள சுவாதீனம்தான். ஆனால், சட்டத்தின் கடிகாரத்துக்கு இது போதும். கடன் வசூல் தீர்ப்பாயத்தில் மனு போட 45 நாட்கள் இங்கிருந்துதான் எண்ணப்படுகின்றன.

ஆறுதல் கலைந்ததும் முதலில் ஓடுவது உள்ளூர் நீதிமன்றத்துக்கு. சர்பாசி நடவடிக்கைக்கு உரிமையியல் நீதிமன்றம் தடை கொடுக்கக் கூடாது என்று 34-வது பிரிவு கதவைச் சாத்தியிருக்கிறது. அடுத்து உயர் நீதிமன்ற ரிட். தீர்ப்பாயம் இருக்கும்போது இங்கே ஏன் வந்தீர்கள் என்று கேட்கும்படி 2010-ல் இருந்து உச்ச நீதிமன்றம் உயர் நீதிமன்றங்களுக்குத் திரும்பத் திரும்பச் சொல்லிவருகிறது. இந்த அலைச்சலிலேயே 45 நாட்கள் போய்விடுகின்றன. கட்சிக்காரர்களைப் பிடித்து மேலாளரிடம் பேசச் சொல்லும் நாட்களை நான் கணக்கில் சேர்க்கவில்லை.

சரியான இடமான தீர்ப்பாயமோ தமிழ்நாட்டில் சென்னை, கோவை, மதுரை ஆகிய மூன்று ஊர்களில் மட்டும்தான் இருக்கிறது. சித்தேரி மலை அடிவாரத்திலிருந்தோ தீர்த்தமலையிலிருந்தோ கிளம்பும் ஒருவருக்கு எதுவும் 200 கிலோமீட்டருக்குக் குறைவில்லை. 15 லட்ச ரூபாய் பாக்கிக்கு மனுக் கட்டணம் 6,250 ரூபாய். வழக்கறிஞர் செலவு தனி. முன்பு பாக்கியில் 75 சதவீதத்தைக் கட்டினால்தான் மனுவே எடுப்போம் என்றிருந்ததை 2004-ல் மார்டியா கெமிக்கல்ஸ் தீர்ப்பு நீக்கியது பெரிய காரியம். பணத் தடையை நீதிமன்றம் எடுத்துவிட்டது, தூரத் தடையை அரசு இன்னும் எடுக்கவில்லை.

கடன் கொடுத்தவருக்கு இந்தத் தூரம் இல்லை என்பதையும் பாருங்கள். வீட்டைக் காலிசெய்து கைப்பற்ற 14-வது பிரிவின்படி மாவட்ட ஆட்சியரிடம் மனு கொடுத்தால் போதும். பெருநகரம் அல்லாத ஊர்களில் தலைமைக் குற்றவியல் நீதித்துறை நடுவருக்கு அந்த அதிகாரம் இல்லை என்று சென்னை உயர் நீதிமன்றத்தின் முழு அமர்வு 2013-ல் சொன்னது. 2019-ல் இந்தியன் வங்கி வழக்கில் உச்ச நீதிமன்றம் உண்டு என்றது. ஆக, வங்கிக்குத் தருமபுரியிலேயே இரண்டு வாசல். கடனாளிக்கு அதே மாவட்டத்தில் ஒன்றுகூட இல்லை. அந்த மனுவோடு, பாக்கி எவ்வளவு, நோட்டீஸ் எப்போது போனது, ஆட்சேபத்துக்குப் பதில் சொல்லப்பட்டதா என்பது உட்பட ஒன்பது விவரங்களை வங்கி உறுதிமொழியாகக் கொடுக்க வேண்டும். அவற்றைச் சரிபார்ப்பது வெறும் சடங்காகிவிட்டால், பூட்டை உடைக்க வரும் வழக்கறிஞர் ஆணையரையும் காவலர்களையும் பார்க்கும்போதுதான் குடும்பத்துக்கு விஷயம் தெரியவரும்.

புஞ்சை நிலத்தில் வீடு கட்டியவர்கள் நம்பும் ஒரு வாதத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். விவசாய நிலத்தை இந்தச் சட்டம் தொடாது என்பது உண்மை. ஆனால், சிட்டாவில் புஞ்சை என்று இருந்தால் மட்டும் போதாது. அங்கே உண்மையில் விவசாயம் நடக்கிறது என்று கடனாளிதான் நிரூபிக்க வேண்டும் என்று 2023 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. மொட்டை மாடி வீட்டைக் காட்டி விவசாய நிலம் என்று வாதாடுவதில் பணத்தைச் செலவழிக்க வேண்டாம்.

ஏலத்திலும் சில காப்புகள் உண்டு. மதிப்பீட்டாளரின் அறிக்கை இல்லாமல் குறைந்தபட்ச விலை வைக்க முடியாது. அதற்குக் கீழே விற்க வேண்டுமானால் கடனாளியின் சம்மதமும் வேண்டும். முதல் ஏலத்துக்கு 30 நாள் அறிவிப்பு கட்டாயம். கடன் போக மீதிப் பணம் வீட்டுக்காரருடையது. அதைக் கேட்டு வாங்காமல் விட்டுவிடாதீர்கள். ஏலத் தொகை போதாவிட்டால் மிச்சக் கடனுக்கு வங்கி பின்னாலேயே வரும். அமெரிக்காவின் கலிஃபோர்னியா போன்ற சில மாநிலங்களில் குடியிருக்க வாங்கிய வீட்டை இழந்தால் அந்தக் கடன் பெரும்பாலும் அதோடு முடிகிறது. இங்கே வீடும் போய்க் கடனும் நிற்கும்.

வசூலுக்கு வருபவர்கள் காலை 8 மணிக்கு முன்போ இரவு 7 மணிக்குப் பின்போ தொலைபேசியில் அழைக்கக் கூடாது என்பது 2022 ஆகஸ்ட் முதல் ரிசர்வ் வங்கியின் கட்டளை. சுவரில் பெயின்ட்டால் ‘இந்த வீடு அடமானத்தில் உள்ளது’ என்று எழுதிவைக்க எந்த விதியிலும் அனுமதி இல்லை. வங்கியிடம் எழுத்தில் புகார் கொடுத்து 30 நாட்களில் தீராவிட்டால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் கட்டணம் இல்லாமல் போகலாம்.

வங்கிப் பணம் ஊராரின் வைப்புத்தொகைதான். வசூலிக்காமல் விட வேண்டும் என்று யாரும் கேட்கவில்லை. நான் கேட்பது சிறிய மாற்றங்கள். கடனாளிக்குப் புரியும் மொழியில் கடிதம் எழுத வேண்டும் என்று நிதி நிறுவனங்களுக்கு ரிசர்வ் வங்கி நடத்தை விதி வைத்திருக்கிறது. 13(2) நோட்டீஸ் தமிழில் இல்லாவிட்டால் செல்லாது என்று அதைக் கறாராக்கலாம். தீர்ப்பாயம் மாதம் ஒரு முறையாவது சேலத்தில் அமரலாம். 14-வது பிரிவு மனு வந்ததும், அது குடியிருக்கும் ஒரே வீடு என்றால் வட்ட சட்டப் பணிகள் குழுவுக்குத் தகவல் போகும்படி மாவட்ட நிர்வாகமே செய்யலாம். சிறு கடனாளிகளின் ஒரே வீட்டைக் காக்க 2025-ல் கேரளம் மசோதா கொண்டுவந்தது. தமிழ்நாடு இதைப் பற்றி விவாதிக்கக்கூடத் தொடங்கவில்லை என்றால் அதற்கு நம் சட்டமன்ற உறுப்பினர்கள்தான் பதில் சொல்ல வேண்டும்.

பீரோவில் நோட்டீஸ் மடித்து வைத்திருப்பவர்கள் இன்றே எடுத்து அதன் தேதியைப் பாருங்கள். பெண்களுக்கும் பட்டியல் சாதி, பழங்குடியினருக்கும் வருமான வரம்பு பார்க்காமல் இலவச வழக்கறிஞரை சட்டப் பணிகள் குழு தர வேண்டும். கட்டணமில்லா எண் 15100.