குண்டூசிக்கும் மார்க் போடுங்க!



கண்காட்சியில் காசு செலவழித்துப் பளபளன்னு பெயின்ட் அடிச்ச மாதிரி விமானத்துக்குத்தான் பரிசு. இது சரியா? நுணுக்கத்துக்கும் மதிப்பெண் வேண்டும் என்பதே என் கருத்து.

நம் நாட்டின் தேஜஸ் போர் விமானத்தையே எடுத்துக்கொள்வோம். 2016-ல் விமானப்படையில் சேர்ந்தது. 2018-ல் நம்ம கோவை சூலூருக்கும் வந்தது. நீளம் 13.2 மீட்டர். 72-ல் ஒரு பங்காகச் செய்தால் 18 சென்டிமீட்டர்தான். ஒரு சாண்கூட வராது! அதற்குள் எத்தனை பாகங்கள்! மூக்கு நுனிக்குக் குண்டூசி. சக்கரத்தின் பிரேக் குழாய்க்குப் பழைய வயரில் இருக்கிற செம்பு இழை. விமானியின் சீட் பெல்ட்டுக்கு மாத்திரை அட்டையின் சில்வர் பேப்பர். எல்லாம் வீட்டிலேயே கிடைக்கும்.

"இதெல்லாம் யார் கண்ணுக்குத் தெரியப் போகுது?"ன்னு கேட்பாங்க. செய்தவருக்குத் தெரியுமே! மூக்கில் ஊசி எதுக்கு என்று தேடினால்தான், அது காற்றழுத்தத்தை வைத்து வேகத்தை அளக்கும் பிட்டோ குழாய் என்று புரியும். வாலில் சின்ன இறக்கை ஒட்டப் போனால்தான், தேஜஸுக்கு அது கிடையாது, முக்கோண இறக்கையே அந்த வேலையையும் பார்க்கிறது என்று தெரியும். பெயின்ட் இதைச் சொல்லித் தருமா?

ஆகவே நடுவர்களே, "அழகா இருக்கா?" என்று மட்டும் பார்க்காமல், "இது எதுக்கு?" என்றும் கேளுங்கள். பதில் சொல்பவருக்கே பரிசு கொடுங்கள். அப்ப, காசு இல்லாதவங்களும் ஜெயிக்கலாம்!

- ஒன்பதாம் வகுப்பு மாணவி