எல்லோருக்கும் ஒரே நாலு மணி

ஹுத்தான் மெலிந்தாங்கில் பொழுதை எப்படிப் போக்குகிறீர்கள் என்று இளையவர்களிடம் கேட்டால், கேள்வி முடிவதற்குள் பதில் வந்துவிடும்: "இங்க என்னாண்ணே இருக்கு?" மால் இல்லை, தியேட்டர் இல்லை என்று விரல் மடக்குவார்கள். நல்ல சட்டை எடுக்கவும் நாலு பேராகப் போய் உட்காரவும் தெலுக் இந்தான். 1885-இல் கட்டிய சாய்ந்த மணிக்கூண்டைச் சுற்றி மாலையில் ஒரு நடை நடந்தால் பொழுது போய்விடும். இன்னும் பெரிதாக வேண்டுமென்றால் ஈப்போ. மேற்குக் கரை விரைவுச்சாலை 2019-இல் நம் ஊருக்கும் தெலுக் இந்தானுக்கும் இடையில் திறந்ததிலிருந்து, ஊரைவிட்டு வெளியே போவதுதான் நம்முடைய முதல் பொழுதுபோக்கு.

ஒன்றுமே இல்லாத ஊரா இது? அப்படிச் சொன்னால் ஆறு கோபித்துக்கொள்ளும். பேராவையும் சிலாங்கூரையும் பிரிக்கும் பெர்ணாம் ஆறு நம் கொல்லைப்புறத்தில் ஓடுகிறது. மீன்பிடிப் படகுகள் வந்து ஒதுங்கும் படகுத்துறைகள் இருக்கின்றன. ஊடாங் காலா கிடைக்கும் என்று தூண்டிலோடு உட்காரும் பொறுமைசாலிகள் இருக்கிறார்கள். பாகான் டத்தோ பக்கம் போனால் தென்னந்தோப்பு, கடற்கரை. படகேறினால் புலாவ் செம்பிலான் தீவுகள். இருட்டில் அலையோரம் நீலமாக மின்னும் நுண்ணுயிர்களைப் பார்க்க எங்கிருந்தெல்லாமோ ஆட்கள் வருகிறார்கள். 2017-இல் பாகான் டத்தோ தனி மாவட்டமானது, பேராவின் பன்னிரண்டாவது மாவட்டம். அதற்குப் பிறகு சுற்றுலாப் பேச்சும் கூடியிருக்கிறது.

நல்லதுதான். ஆனால் சுற்றுலா வருகிறவருக்கு வேண்டியது ஒரு சனிக்கிழமை. ஊரில் குடியிருப்பவருக்கு வேண்டியதோ செவ்வாய்க்கிழமை மாலையில் ஒரு மணி நேரம். நீல ஒளியைப் பார்க்க வாரா வாரம் யாரும் படகேற முடியாது. நான் இங்கே கேட்பது அந்தச் செவ்வாய்க்கிழமையைப் பற்றி.

அதற்குப் பதில் நம் தாத்தா பாட்டிகளின் கால அட்டவணையில் இருக்கிறது. இந்த வட்டாரம் தோட்டங்களால் ஆனது. டென்மார்க் பொறியாளர் ஆகே வெஸ்டன்ஹோல்ஸ் 1906-இல் தொடங்கிய ஜெண்டராட்டா பிறகு யுனைடெட் பிளாண்டேஷன்ஸ் ஆனது. பிளமிங்டனும் மற்றத் தோட்டங்களும் நம் ஊர்ப் பேச்சில் இன்றும் ஊர்ப்பெயர்கள்தான். தென்னை இருந்தது, செம்பனை வந்தது. ஆனால் மாலைப் பொழுதை நமக்கு வகுத்துக் கொடுத்தது கித்தா.

வெயில் ஏறினால் பால் ஓட்டம் குறைந்துவிடும். அதனால் பொழுது விடியும் முன்னே பெரட்டு, விடிந்ததும் வெட்டு. முன்பகலில் பால் எடுத்து, ஸ்டோரில் நிறுத்துப் போட்டு, வீடு திரும்பிச் சாப்பிட்டு ஒரு கண் அயர்ந்தால் மணி நாலு. துரைக்கு மேலே ஒரு துரையாக மரம்தான் நேரத்தை வைத்திருந்தது. மழை பெய்தால் வெட்டில்லை, கூலியும் இல்லை. அந்த ஓய்வை யாரும் கொண்டாடவில்லை. மற்ற நாளில் லயத்தில் இருந்த ஆண்கள் அத்தனை பேருக்கும் ஒரே நேரத்தில் நாலு மணி ஆனது. அதுதான் பெரிய விஷயம்.

நாலரைக்குத் திடலில் பந்து உருளும். ஆள் சேர்க்க யாரும் யாரையும் கூப்பிடத் தேவையில்லை. பக்கத்துத் தோட்டத்தோடு போட்டி என்றால் லாரியில் ஏறிப் போவார்கள், திரும்பும்போது தோற்ற கதையையும் ஜெயித்த மாதிரி சொல்வார்கள். திருவிழா நெருங்கினால் நாடக ஒத்திகை. தகவல் இலாகா வேன் வந்தாலோ, தோட்டத்தில் காசு போட்டுப் படம் கொண்டுவந்தாலோ, திடலில் வெள்ளைத்துணி கட்டிவிடுவார்கள். பாயைச் சுருட்டிக்கொண்டு மொத்தத் தோட்டமும் அங்கே இருக்கும். யாரும் கட்டிக்கொடுத்த கேளிக்கை மையம் அல்ல. புல் வெட்டிய ஒரு மைதானமும், எல்லோருக்கும் ஒன்றாக விடிந்து ஒன்றாக முடிந்த ஒரு நாளும்தான் மூலதனம்.

இதைப் பொற்காலம் என்று நான் சொல்லமாட்டேன். தோட்டத்தில் பொழுதுபோக்குக்கும் தரம் பிரித்திருந்தார்கள். துரைமாருக்கு ஒரு கிளப், கிராணிமாருக்கு ஒரு கிளப், உழைப்பாளிக்குத் திடலும் கள்ளுக்கடையும். கள்ளுக்கடை கூலியைத் திரும்பப் பிடுங்கும் வேலையையும் செய்தது. ஆற்றுக்கு அந்தப் பக்கம் சிலாங்கூரில், 1941-இல் கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் ஆர். எச். நாதன் முன்னின்ற வேலை நிறுத்தத்தின் கோரிக்கைகளைப் பாருங்கள். கூலி உயர்வோடு, கள்ளுக்கடைகளை மூடு என்பதும் இருந்தது. துரையைக் கண்டால் சைக்கிளைவிட்டு இறங்க வேண்டும் என்ற வழக்கத்தை ஒழி என்பதும் இருந்தது. மாலையில் சைக்கிளைவிட்டு இறங்காமல் போகும் உரிமைக்கும் போராட வேண்டியிருந்தது.

பெண்களின் நாலு மணி வேறு. அவர்களும் அதே இருட்டில் பெரட்டுக்குப் போனார்கள், அதே மரத்தை வெட்டினார்கள். திரும்பியதும் ஆயாக்கொட்டகையில் விட்ட பிள்ளை, தண்ணீர், விறகு, உலை. திடலில் பந்து உருளும் சத்தம் அவர்களுக்கு அடுப்படியில் கேட்டது. கோயில் வெள்ளிக்கிழமையும் படம் காட்டும் ராத்திரியும்தான் அவர்கள் வெளியே வந்து உட்கார்ந்த நேரங்கள்.

இன்று கித்தா போய்விட்டது. செம்பனையில் குலை வெட்டுகிறவர்களில் பெரும்பாலோர் வெளிநாட்டிலிருந்து வந்தவர்கள். லயத்தை விட்டு நாம் தாமானுக்கு வந்துவிட்டோம். ஒரே வீட்டில் அப்பாவுக்குப் பகல் வேலை, மகனுக்கு இரவு ஷிப்டு, மகள் ஷா ஆலாமிலிருந்து வெள்ளிக்கிழமை இரவு வந்து ஞாயிறு திரும்புகிறாள். ஒருவர் எழும்போது இன்னொருவர் படுக்கிறார். பதினோரு பேர் கொண்ட குழுவுக்கு வாட்ஸ்அப்பில் நாள் குறிப்பதற்குள் ஆட்டம் போட ஆசை போய்விடுகிறது. திடல் அங்கேயே இருக்கிறது. புல்லும் இருக்கிறது. நம்மிடமிருந்து கழன்று போனது அந்தப் பொதுவான நாலு மணி. அதற்குப் பதிலாக ஆளுக்கொரு கைப்பேசி வந்தது. கைப்பேசி எந்த ஷிப்டிலும் நம்மோடு விளையாடத் தயாராக இருக்கிறது.

சந்தேகம் இருந்தால் பாசார் மாலாம் நாளில் போய்ப் பாருங்கள். அரை மணியில் வாங்கி முடிக்க வேண்டிய காய்கறிக்கு இரண்டு மணி நேரம் நடக்கிறார்கள். கருப்பஞ்சாற்றைக் கையில் பிடித்தபடி, போன வாரம் பார்த்தவரையே பார்த்து, "என்னாக்கா, ஆளையே காணோம்" என்கிறார்கள். அம்மாக்கள், பாட்டிகள், பள்ளிப் பிள்ளைகள், பிள்ளை தள்ளுவண்டியோடு இளம் தம்பதிகள். நம் ஊரில் மூன்று இனத்தாரும் ஒரே வெளிச்சத்தில் நிற்கும் நேரமும் அதுதான். அங்கே விற்கும் சாமான் எல்லாம் கடைத்தெருவிலும் கிடைக்கும். அந்த நாள், அந்த நேரம், ஊரே வரும் என்ற நிச்சயம் வேறெங்கும் கிடைக்காது.

அதனால் ஊருக்கு என்ன வேண்டும் என்று கேட்டு யாராவது படிவம் கொண்டுவந்தால், நான் மால் என்று எழுதமாட்டேன். தோட்ட முதலாளிகள் தொழிலாளர்களுக்கு வீடு, மருத்துவத்தோடு சமூக வசதிகளும் தர வேண்டும் என்று 1990-ஆம் ஆண்டுச் சட்டம் சொன்னது. தாமானுக்கு வந்தவருக்கு அப்படி ஒரு முதலாளி இல்லை. நமக்கு நாமே ஏற்பாடு செய்துகொள்ள வேண்டியதுதான். பாலாய் ராயாவும் கோயில் மண்டபமும் பள்ளித் திடலும் எல்லா ஊரிலும் உண்டு, பெரும்பாலான மாலைகளில் பூட்டியிருப்பதும் உண்டு. வேண்டியது இவ்வளவுதான்: சாவி வைத்திருக்கும் ஒருவர், வாரத்தில் ஒரு நாள், மாறாத ஒரு நேரம். பந்துக்கு ஒரு மாலை என்றால் பெண்களுக்கென்றும் ஒரு மாலை. பூப்பந்தோ, கோலாட்டமோ, சும்மா உட்கார்ந்து பேசுவதோ, அதை அவர்களே முடிவு செய்யட்டும்.

இதற்காகச் சங்கம் அமைத்துவிடாதீர்கள். தலைவர், துணைத் தலைவர், பொருளாளர் தேர்ந்தெடுத்து முடிப்பதற்குள் நமக்குள் இரண்டு அணி வந்துவிடும், அதுவும் பந்தாட்டத்துக்கு இல்லை. ஒரு தாளில் 'புதன் மாலை ஆறு மணி' என்று எழுதிக் கடைச்சுவரில் ஒட்டுங்கள். முதல் வாரம் நாலு பேர்தான் வருவார்கள். அடுத்த வாரம் மூன்றாகக் குறையலாம். நேரத்தை மாற்றாதீர்கள். ஷிப்டு மாறும்போது ஐந்தாவது ஆள் வருவான், அவனுக்கு எங்கே வர வேண்டும் என்று தெரிந்திருக்க வேண்டும்.