ஒரே பெயர், மூன்று பாட்டில்

அன்புள்ள பெற்றோர்களே, பேரப்பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் தாத்தா பாட்டிகளே,

ராத்திரி பதினொரு மணிக்குப் பிள்ளைக்கு உடம்பு அனலாய்க் கொதிக்கிறது. ஃபிரிட்ஜ் மேல் மூத்தவனுக்கு வாங்கிய சிரப், பக்கத்திலேயே சின்னவளுக்கு வாங்கிய டிராப்ஸ். இரண்டிலும் பாராசிட்டமால் என்றுதான் போட்டிருக்கிறது. "நாலு மில்லி கொடுங்கன்னு டாக்டர் சொன்னாரே" என்று ஞாபகம் வருகிறது. எந்தப் பாட்டிலில் நாலு மில்லி?

சாதாரண சிரப்பில் 5 மில்லிக்கு 120 அல்லது 125 மில்லிகிராம் மருந்து. இன்னொரு சிரப்பில் அதே 5 மில்லிக்கு 250. டிராப்ஸில் பெரும்பாலும் 1 மில்லிக்கே 100. கைக்குழந்தை மருந்து லேசாகத்தான் இருக்கும் என்று நினைத்துவிடுகிறோம். மூன்றிலும் கெட்டியானது அதுதான். சின்ன வாய் அதிகம் விழுங்காது என்று சில துளிக்குள் அடைத்திருக்கிறார்கள். 8 கிலோ பிள்ளைக்கு 125 சிரப்பில் 4 மில்லி சரியான அளவு. டிராப்ஸில் அதே 4 மில்லி, நாலு மடங்கு. நாள் முழுக்க அப்படியே கொடுத்தால் கல்லீரல் கெடும். முதல் நாள் வெளியே ஒன்றும் தெரியாமலே போகலாம் என்பதுதான் கொடுமை.

ஒரு வேளைக்குக் கிலோவுக்கு 10 முதல் 15 மில்லிகிராம்; 10 கிலோ என்றால் 100 முதல் 150. அடுத்த வேளைக்கு ஆறு மணி நேரம் விடுங்கள். ஒரு நாளில் நாலு தடவைக்கு மேல் வேண்டாம். வயதை வைத்து ஊற்றாதீர்கள்: இரண்டு வயதில் 9 கிலோ பிள்ளையும் உண்டு, 14 கிலோ பிள்ளையும் உண்டு. அங்கன்வாடியில் எடை போட்டுத் தருவார்கள். வீட்டில் மிஷின் இருந்தால் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஒரு தடவை, தனியாக ஒரு தடவை ஏறி நின்று கழித்துக்கொள்ளுங்கள்.

சமையலறை ஸ்பூன் ஒவ்வொரு வீட்டிலும் ஒரு அளவு. பாலாடையில் கோடே கிடையாது; பால் புகட்ட அது அருமை, மருந்துக்கு ஆகாது. மெடிக்கலில் ஊசியில்லாத சிரிஞ்ச் கேளுங்கள், சில ரூபாய்தான்.

சளி சிரப் சிலவற்றிலும் பாராசிட்டமால் கலந்திருக்கும். இரண்டையும் சேர்த்துக் கொடுத்தால் இரட்டை அளவு. மழைக்காலக் காய்ச்சல் டெங்குவாக இருக்கலாம். ஐபுபுரூஃபன், மெஃபெனமிக் ஆசிட் எதையும் டாக்டரைக் கேட்காமல் தொடாதீர்கள், ரத்தக்கசிவு கூடும். ஆஸ்பிரின் பிள்ளைகளுக்கு வேண்டவே வேண்டாம். மூன்று மாதம் நிறையாத குழந்தைக்குக் காய்ச்சல் என்றால் வீட்டு வைத்தியம் பார்க்காமல் ஆஸ்பத்திரிக்குக் கிளம்புங்கள்.

அளவு கூடிவிட்டதாகச் சந்தேகம் வந்தால் விடியட்டும் என்று இருக்காதீர்கள். பாட்டிலையும் கையோடு எடுத்துக்கொண்டு 108-ஐக் கூப்பிடுங்கள். மாற்று மருந்து இருக்கிறது, முதல் எட்டு மணி நேரத்துக்குள் கொடுத்தால் நன்றாகக் கேட்கும். யாரும் உங்களைத் திட்டப்போவதில்லை. திட்டினாலும் பரவாயில்லை, வாருங்கள்.

மெடிக்கல் வைத்திருக்கும் நண்பர்களுக்கும் ஒன்று. பாட்டிலை நீட்டுமுன் "பிள்ளை எத்தனை கிலோ?" என்று கேட்டு, டாக்டர் எழுதிய மில்லியை மார்க்கரால் அட்டையிலேயே பெரிதாக எழுதிக் கொடுங்கள். பாட்டிக்குக் கண்ணாடி இல்லாமலே தெரிய வேண்டும்.

இப்படிக்கு,
குழந்தைகள் வார்டு செவிலியர்கள், மருந்தாளுநர்கள்