டைனோசர் முட்டையும் ஒரு ரூபாய் நாணயமும்

குட்டீஸ், 2020 அக்டோபரில் நடந்த ஒரு வேடிக்கையை உங்கள் அண்ணன், அக்காவிடம் கேட்டுப் பாருங்கள். பெரம்பலூர் மாவட்டம் குன்னத்தில் ஒரு நீர்நிலையைத் தோண்டியபோது, மண்ணுக்குள்ளிருந்து உருண்டை உருண்டையாகப் பெரிய கற்கள் வெளியே வந்தன. வேடிக்கை பார்க்க வந்தவர்கள் சும்மா இருப்பார்களா? செல்போனை எடுத்து 'க்ளிக்' செய்தார்கள். அந்தப் படங்கள் ஊர் ஊராகப் பறந்தன. கூடவே ஒரு செய்தியும் பறந்தது: "பெரம்பலூரில் டைனோசர் முட்டை!"

நிபுணர்கள் வந்து பார்த்தார்கள். "இது முட்டை இல்லை. அம்மோனைட்டைச் சுற்றிப் படிவு சேர்ந்து இறுகிய கல்" என்றார்கள்.

அம்மோனைட் என்றால் என்ன தெரியுமா? கணவாய் மீனுக்குச் சொந்தக்காரன். ஆட்டுக்கிடாவின் கொம்பு போலச் சுருண்ட ஓட்டுக்குள் வாழ்ந்த கடல் பிராணி. பல கோடி ஆண்டுகளுக்கு முன்பு நம் பெரம்பலூரும் அரியலூரும் கடலாக இருந்தன. செத்துப்போன அம்மோனைட் கடலடிச் சேற்றில் விழும். அதைச் சுற்றிச் சேறு சேரும். சேற்றில் உள்ள தாதுக்கள் நாளாக நாளாக அதைச் சிமென்ட் போல இறுக்கிவிடும். கடைசியில் பந்து போன்ற ஒரு கல்! டைனோசர்கள் அழிந்த அதே காலத்தில், சுமார் 6 கோடியே 60 லட்சம் ஆண்டுகளுக்கு முன், அம்மோனைட்டுகளும் அழிந்துபோயின.

படம் எடுத்தவர்களைப் பலர் கேலி செய்தார்கள். எனக்கு அது பிடிக்கவில்லை. 2009-ல் அரியலூர் மாவட்டம் செந்துறைப் பக்கம் டைனோசர் முட்டைப் படிவங்களைக் கண்டதாகச் சேலம் பெரியார் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் அறிவித்திருந்தார்கள். அதைக் கேள்விப்பட்ட ஊரில், உருண்டைக் கல்லைப் பார்த்தால் முட்டை நினைவு வரத்தானே செய்யும்? படம் எடுத்ததும் நல்ல காரியம்தான். படம் பொய் சொல்லவில்லை. படத்துக்குக் கீழே எழுதிய வரிதான் பொய் சொன்னது.

அதனால் என் கட்சி இதுதான்: வெளியே போகும்போது தாராளமாகப் படம் எடுங்கள். ஆனால், அதன் கதையையும் நீங்களே அன்றைக்கே எழுதி வையுங்கள். நீங்கள் எழுதாவிட்டால் வேறு யாராவது ஒரு கதையைக் கட்டிவிடுவார்கள்!

என்ன எழுதுவது? எந்த ஊர், ஊரில் எந்த இடம், என்ன தேதி. "செல்போனே தேதி போடுமே" என்பீர்கள். போடும். ஆனால் வாட்ஸ்அப்பில் சாதாரணமாகப் படத்தை அனுப்பினால், படத்துக்குள் பதிந்திருக்கும் தேதி, இடக் குறிப்பெல்லாம் உதிர்ந்துவிடும். நாலு பேர் கைமாறிய பிறகு அது குன்னமா, குஜராத்தா என்று யாருக்குத் தெரியும்? அடுத்து, கண்ணால் பார்த்ததைத் தனியாக எழுதுங்கள், நினைத்ததைத் தனியாக எழுதுங்கள். "உருண்டைக் கல், முழங்கால் உயரம்" என்பது பார்த்தது. "டைனோசர் முட்டை" என்பது நினைத்தது. இரண்டையும் ஒரே வரியில் குழைத்தால்தான் குழப்பம்.

அளவு காட்டவும் மறக்காதீர்கள். வெறும் கல்லை மட்டும் படம் எடுத்தால் அது கோலிக்குண்டா, பூசணிக்காயா என்று தெரியாது. பக்கத்தில் ஒரு ரூபாய் நாணயம், இல்லாவிட்டால் ஒரு பேனா வைத்து எடுங்கள். பெரிய பொருள் என்றால் ஆளையே அளவுகோல் ஆக்கலாம். சாத்தனூர் கல்மரம் 18 மீட்டர் நீளம். 1940-ல் புவியியல் அறிஞர் எம்.எஸ். கிருஷ்ணன் அதை அறிந்து சொன்னார். அங்கே சுற்றுலா போகிறவர்கள் குடும்பத்தோடு மரத்தின் நடுவில் நின்று படம் எடுத்துக்கொள்கிறார்கள். படத்தில் சித்தப்பா தெரிகிறார், அத்தை தெரிகிறார், மரத்தைத்தான் காணோம்! சித்தப்பாவை ஒரு கோடியில் நிற்கச் சொல்லி, தள்ளி வந்து எடுங்கள். அப்போதுதான் மரம் எவ்வளவு நீளம் என்று பார்ப்பவருக்குப் புரியும்.

காரை கிராமத்துப் பக்கம் உள்ள செம்மண் ஓடைகளைப் பார்த்திருக்கிறீர்களா? மழைநீர் அறுத்து அறுத்து உண்டான மேடு பள்ளங்கள். வெயிலில் ஜிப்சம் துண்டுகள் கண்ணாடி போல மின்னும். கடல் பிராணிகளின் படிவங்கள் மேலாகவே கிடக்கும். அங்கே போகிறவர்கள் சிலர் கை நிறைய அள்ளி வந்துவிடுகிறார்கள். இதைத்தான் நான் கடுமையாக எதிர்க்கிறேன். படிவத்தின் பாதிக் கதை அது கிடந்த இடத்தில் இருக்கிறது. எந்த மண் அடுக்கில் கிடந்தது, பக்கத்தில் வேறென்ன இருந்தது என்பதை வைத்துத்தான் அது எந்தக் காலத்தது என்று ஆய்வாளர் சொல்வார். உங்கள் வீட்டு ஷோகேஸுக்கு வந்துவிட்டால் அது வெறும் கல். நாணயம் வைத்து ஒரு படம், தள்ளி நின்று சுற்றுப்புறத்தோடு ஒரு படம். கல் அங்கேயே இருக்கட்டும். கிட்டத்தில் பார்த்தே ஆகவேண்டும் என்றால், வாரணவாசியில் புதைபடிவ அருங்காட்சியகம் இருக்கிறதே! (ஓடைக்கும் சுண்ணாம்புக்கல் சுரங்கப் பக்கமும் பெரியவர்கள் இல்லாமல் போகாதீர்கள். கரை சரியும்.)

ஒவ்வொரு மழைக்கும் காரை ஓடை கொஞ்சம் உருமாறும். இந்த வருடம் நீங்கள் எடுத்த மேட்டை அடுத்த வருடம் காணாமல் போகலாம். மழை மட்டுமா மாற்றுகிறது? 1836-ல் கொள்ளிடத்தில் கீழணை கட்ட, கங்கைகொண்ட சோழபுரம் கோயிலின் மதிலை இடித்துக் கற்களைக் கொண்டுபோனார்கள். ராஜேந்திர சோழன் காலத்துக் கோயில்! கேமராவால் படம் பிடிக்கும் முறையை உலகுக்கு அறிவித்தது 1839-ல். மூன்றே வருடம் தாமதம். அந்த மதில் முழுதாக நின்ற கோலத்துக்கு ஒரு போட்டோ கூடக் கிடையாது.

உங்கள் தெருக் குளத்துக்கும் பள்ளிக்கூடத்து வேப்பமரத்துக்கும் அந்த நிலைமை வர வேண்டாமே. தாத்தா வீட்டுப் பரணில் பழைய ஆல்பம் இருக்கும். எடுத்துக்கொண்டு போய் அவர் பக்கத்தில் உட்காருங்கள். ரஞ்சன்குடி கோட்டை வாசலில் நிற்பது யார், எந்த வருடம், அன்றைக்குக் கோட்டைக்கு எதில் போனார்கள் என்று கேளுங்கள். சொல்வதைப் படத்தின் பின்பக்கம் பென்சிலால் மெதுவாக எழுதுங்கள். பால்பாயிண்ட் பேனா வேண்டாம், அழுத்தினால் முன்பக்கம் தடம் விழும்.