வைகை அணையில் பாய் விரியட்டும்

பாய்மரப் படகுப் போட்டியைக் கடலோரப் பணக்காரர்களின் பொழுதுபோக்கு என்று மதுரைக்காரர்கள் ஒதுக்கிவிடுகிறோம். 1911-இல் சென்னையில் தொடங்கிய ராயல் மெட்ராஸ் யாட் கிளப்பைப் பார்த்தால் அப்படித்தான் தோன்றும். ஆனால் ஹைதராபாத்துக்குக் கடல் ஏது? ஊர் நடுவே உள்ள ஹுசேன் சாகர் ஏரியிலேயே தேசியப் போட்டிகள் நடக்கின்றன. எளிய வீட்டுப் பிள்ளைகளும் பாய் பிடிக்கிறார்கள். நமக்கு ஆண்டிபட்டிப் பக்கம் வைகை அணை இருக்கிறது, ஆடிக்காற்றுக்கும் பஞ்சமில்லை. அடியில் கனத்த உலோகத் தகடு தொங்கும் கீல் படகு காற்றில் எளிதில் கவிழாது. ஆனால் அணை நீர் இறங்கும் மாதங்களில் தரை தட்டிவிடும். ஆகவே, அடிப்பலகையை மேலே இழுத்துக்கொள்ளக்கூடிய டிங்கி என்ற சிறு படகில் தொடங்குவதே புத்தி. காற்றை எதிர்த்து நேராகப் போக முடியாது; பாயை இடமும் வலமும் மாற்றி, வளைந்து வளைந்துதான் முன்னேற வேண்டும். பலத்தைவிடக் கணக்கு முக்கியமான ஆட்டம் இது. சென்னையின் நேத்ரா குமணன் டோக்கியோ, பாரிஸ் என இரண்டு ஒலிம்பிக்கில் பாய் விரித்துவிட்டார். தென்மாவட்டப் பிள்ளைகள் கரையில் நின்று வேடிக்கை பார்த்தது போதும். நாலைந்து டிங்கி, உயிர்காப்பு அங்கி, நல்ல பயிற்சியாளர்: விளையாட்டு மேம்பாட்டு ஆணையம் இவற்றோடு வைகை அணையில் ஒரு பயிற்சி மையத்தைத் தொடங்க வேண்டும்.