வின்னிபெக்கை வளர்த்த கதவு... பாதி மூடினா என்ன ஆகும்?

'கனடா பி.ஆர்' என்று கூகுளில் தேடியவர்களுக்கு 'பி.என்.பி' தெரிந்திருக்கும். மாகாணமே தனக்கு வேண்டிய ஆட்களைத் தேர்ந்தெடுத்து, குடியுரிமை அல்ல, நிரந்தரக் குடியிருப்புக்குப் பரிந்துரைக்கும் திட்டம். அதை நம்பியே வளர்ந்த நகரம், மானிடோபா மாகாணத் தலைநகர் வின்னிபெக்.

யார் யார் வந்தார்கள்?

1911-ல் இது கனடாவின் 3-வது பெரிய நகரம். ரயிலும் கோதுமையும் உக்ரேனியர்கள், யூதர்கள், ஜெர்மானியர்களை இங்கே கொண்டுவந்தன. பிறகு ஆடைத் தொழிற்சாலைகளுக்கு ஆள் தேவைப்பட, பிலிப்பைன்ஸிலிருந்து பெண்கள் வந்தார்கள். இன்று நகரத்தில் பத்தில் ஒருவருக்கு மேல் பிலிப்பினோ. பஞ்சாபி பேசும் குடும்பங்களும் ஏராளம்.

ஆக, இந்த ஊரின் முகத்தை ஒவ்வொரு முறையும் மாற்றியது வேலைதான்.

1998-ல் மானிடோபாவில் பி.என்.பி தொடங்கியது. 2016-ல் 7,05,244 ஆக இருந்த வின்னிபெக்கின் மக்கள்தொகை, 2021-ல் 7,49,607.

இப்போ என்ன சிக்கல்?

2025 தொடக்கத்தில் மாகாணங்களுக்கான பி.என்.பி ஒதுக்கீட்டை ஒட்டாவா பாதியாகக் குறைத்தது. வீட்டு வாடகை, மருத்துவமனை நெருக்கடி என்று காரணம் சொல்லலாம். அது டொரன்டோவுக்குப் பொருந்தும். ஆனா, வின்னிபெக் கதை வேற. இங்கிருந்து பிற மாகாணங்களுக்குப் போகிறவர்கள், அங்கிருந்து வருகிறவர்களைவிட அதிகம். அந்தக் காலி இடத்தை நிரப்புவதே வெளிநாட்டிலிருந்து வருபவர்கள்தான். எல்லா ஊருக்கும் ஒரே கத்தரிக்கோலா?

அதே நேரம், தலையை எண்ணுவது மட்டும் வளர்ச்சி ஆகிவிடாது. இது 1871-ல் கையெழுத்தான முதலாம் ஒப்பந்த நிலம். நகர மக்களில் சுமார் 12% பேர் பூர்வகுடிகள்; கனடாவின் பெருநகரங்களில் அவர்கள் அதிகம் வாழ்வது இங்கேதான். எந்த விசாவிலும் வராத அவர்களில் இளைஞர்கள் அதிகம். வெளிநாட்டிலிருந்து நர்ஸைத் தேடும் மாகாணம், உள்ளூர் பூர்வகுடி இளைஞருக்கும் அதே படிப்பை, அதே வேலையைத் தர வேண்டாமா?

கதவைத் திறந்தே வைக்கட்டும். கூடவே, ஏற்கெனவே வீட்டுக்குள் இருப்பவர்களுக்கும் இலை போடட்டும். இரண்டில் ஒன்று போதும் என்பவர்களுக்கு இந்த ஊர் புரியவில்லை என்றுதான் அர்த்தம்.