உயில் எழுதாத அப்பா சண்டையை எழுதி வைக்கிறார்!

ஒரு காலத்தில், செத்தவர் சொத்துக்கு வரி இருந்தது.

1953-ம் ஆண்டு அந்த வரி வந்தது. பணக்காரர் இறந்தால் சொத்தில் ஒரு பங்கு சர்க்காருக்கு. மிகப் பெரிய சொத்தாக இருந்தால், ஒரு அளவுக்கு மேல் உள்ள பணத்தில் 100 ரூபாய்க்கு 85 ரூபாய் வரை வரி!

ஆனால் வசூல் ஆனது ஆண்டுக்குச் சுமார் 20 கோடி ரூபாய்தான். வசூலிக்கும் செலவோ அதிகம். 1985-ம் ஆண்டு அந்த வரியை எடுத்துவிட்டார்கள்.

இன்று அப்பா சொத்து பிள்ளைக்கு வந்தால், வந்ததற்காக வரி கிடையாது.

அப்படியானால் சொத்து முழுசாகப் பிள்ளைகள் கைக்குப் போகிறதா?

இல்லை. சர்க்கார் விட்டதைச் சண்டை தின்கிறது. வக்கீல் பீஸ், கோர்ட்டுச் செலவு, பூட்டிக் கிடக்கும் வீடு, படுத்துவிட்ட வியாபாரம்! இந்த வரியை எந்தச் சர்க்காரும் ரத்து செய்ய முடியாது. சொத்து உள்ளவர்தான் ரத்து செய்ய முடியும்.

எப்படி? உயிரோடு இருக்கும்போதே உயில் எழுதவேண்டும்.

பெரிய வீட்டுக் கதை

திருபாய் அம்பானி 2002-ம் ஆண்டு ஜூலை மாதம் இறந்தார். இந்தியாவின் பெரிய பணக்காரர்களில் ஒருவர். உயில் எழுதவில்லை. இரண்டு மகன்களுக்கும் தகராறு வந்தது. 2005 ஜூன் மாதம் தாயார் கோகிலாபென் முன்னின்று தொழிலைப் பிரித்துக் கொடுத்தார். அதற்குள் மூன்று ஆண்டு ஓடிவிட்டது.

நம் ஊர்க் கதையையும் பாருங்கள். முதல்-அமைச்சர் ஜெயலலிதா 2016 டிசம்பர் 5-ந் தேதி காலமானார். அவருடைய உயில் எதுவும் வெளிவரவில்லை. அண்ணன் பிள்ளைகள் தீபாவும் தீபக்கும் கோர்ட்டுக்குப் போனார்கள். 2020 மே மாதம் அவர்கள்தான் வாரிசு என்று ஐகோர்ட்டு சொன்னது. இதற்கிடையே போயஸ் தோட்ட வீட்டை நினைவு இல்லமாக்கச் சர்க்கார் எடுத்தது. அதையும் எதிர்த்து வழக்கு! வீட்டுச் சாவி அவர்கள் கைக்கு வந்தது 2021 டிசம்பரில்.

சட்டம் கணக்குப் பார்க்கும்

உயில் இல்லாவிட்டால் என்ன ஆகும்? சட்டம் பங்கு போடும்.

இந்து ஆண் ஒருவர் உயில் எழுதாமல் இறந்தால், அவர் சம்பாதித்த சொத்தில் மனைவி, மகன், மகள், தாயார் எல்லோருக்கும் சம பங்கு. தாயாருக்கும் பங்கு உண்டு என்பது பலருக்குத் தெரியாது. மற்ற மதத்தினருக்குச் சட்டம் வேறு.

பரம்பரைச் சொத்திலும் பெண்ணுக்குப் பங்கு உண்டு. தமிழ்நாட்டில் 1989-ம் ஆண்டு, அப்போது மணமாகாத பெண்களுக்கு இந்த உரிமை வந்தது. 2005-ல் நாடு முழுவதும், மணமான பெண்களுக்கும் வந்தது. 2020-ல் சுப்ரீம் கோர்ட்டு இதை உறுதி செய்தது. "சீர் செய்தாயிற்று, பங்கு எதற்கு?" என்ற பேச்சு கோர்ட்டில் எடுபடாது.

சட்டம் கணக்குப் பார்க்கும். மனசைப் பார்க்காது. மூத்த மகன் 20 ஆண்டு அரிசி ஆலையில் உழைத்திருப்பான். இளையவன் அமெரிக்காவில் இருப்பான். மகள்தான் பெற்றோரைக் கவனித்திருப்பாள். ஒரு பிள்ளை தானாகப் பிழைக்க முடியாதவனாக இருப்பான். சட்டத்துக்கு எல்லோரும் ஒன்றுதான். ஓர் ஆலைக்கு நாலு முதலாளி என்றால் ஆலை ஓடுமா?

சமம் என்றால் நியாயமா?

"அதனால் என்ன? உயிலில் சமமாக எழுதிவிட்டால் போகிறது" என்பார்கள். அதுவும் போதாது.

ஒரு மகனுக்கு 1 கோடி ரூபாய் பெறும் வீடு. மற்றவனுக்கு பாங்கியில் உள்ள 1 கோடி ரூபாய். பார்த்தால் சமம்தான்.

அப்பா அந்த வீட்டை 2010-ல் 20 லட்சத்துக்கு வாங்கியவர் என்று வையுங்கள். மகன் அதை 1 கோடிக்கு விற்றால், அப்பா வாங்கிய விலையைத்தான் கழிப்பார்கள். 80 லட்சம் லாபம். 2024 ஜூலையில் வந்த 12½ சதவிகிதக் கணக்குப்படி 10 லட்சம் ரூபாய் வரி. வேறு வீடு வாங்கினால் சலுகை உண்டு. வாங்காவிட்டால் சுமார் 90 லட்சம்தான் மிஞ்சும். பாங்கிப் பணம் பெற்றவனுக்கோ வட்டிக்கு மட்டும்தான் வரி.

ஆகவே பங்கு பிரிக்கும்போது விலையை மட்டும் பார்க்காதீர்கள். யாருக்கு எது உதவும் என்று பாருங்கள். ஆலையை ஓட்டுகிறவனுக்கு ஆலையைக் கொடுங்கள். மற்றவர்களுக்கு ஈடாக வீடோ, பணமோ எழுதுங்கள். பிழைக்கத் தெரியாத பிள்ளையின் பங்கை டிரஸ்டாக எழுதி, பார்த்துக்கொள்ள ஆள் போடுங்கள்.

பயம் எதற்கு?

"உயில் எழுதினால் ஆயுசு குறையும்" என்று சிலர் பயப்படுகிறார்கள். எழுதாதவர் யாரும் சாகாமல் இருந்ததில்லை.

"எழுதிக் கொடுத்துவிட்டால் பிள்ளைகள் சோறு போடுவார்களா?" என்பது இன்னொரு பயம். இது நியாயமான பயம். ஆனால் உயில் வேறு, செட்டில்மெண்டு வேறு. உயில், நீங்கள் இறந்த பிறகுதான் செல்லும். அதுவரை சொத்து உங்களுடையது. எத்தனை முறை வேண்டுமானாலும் மாற்றலாம். செட்டில்மெண்டு எழுதினால் சொத்து கை மாறிவிடும். அதை எழுதத்தான் வேண்டும் என்றால், "எங்களைக் கடைசிவரை கவனிக்க வேண்டும்" என்ற நிபந்தனையைப் பத்திரத்திலேயே எழுதுங்கள். கவனிக்காவிட்டால் பத்திரத்தை ரத்து செய்யக் கேட்க, 2007-ம் ஆண்டு முதியோர் சட்டத்தில் வழி இருக்கிறது.

உயிலுக்கு முத்திரைத்தாள் வேண்டாம். வெள்ளைத்தாள் போதும். உங்கள் கையெழுத்து, இரண்டு சாட்சிகள் கையெழுத்து. பங்கு பெறுகிறவரைச் சாட்சியாகப் போடாதீர்கள். பதிவு செய்வது கட்டாயம் அல்ல. செய்தால் நல்லது. பெரிய சொத்து என்றால், வக்கீலையும் ஆடிட்டரையும் கலந்து எழுதுங்கள்.

பாங்கியில் நாமினி பெயர் கொடுத்தால் போதும் என்று இருந்துவிடாதீர்கள். நாமினி பணத்தை வாங்கலாம். ஆனால் அவர் பணத்துக்குச் சொந்தக்காரர் ஆகிவிட மாட்டார்.

கடைசியாக ஒன்று. எழுதியதைப் பூட்டி வைத்துவிட்டு ஊமையாக இருக்காதீர்கள். பிள்ளைகளைக் கூப்பிடுங்கள். யாருக்கு எது, ஏன் என்று சொல்லுங்கள். கோபம் வந்தால் உங்கள் முன்னால் வரட்டும். நீங்கள் சமாதானம் சொல்லலாம். நீங்கள் போன பிறகு அந்தக் கோபம் வந்தால், சமாதானம் சொல்ல ஜட்ஜுதான் இருப்பார்!